ஃபைன்: ஒரு சின்ன இங்கிலீஷ் சொல்லை முழுதாகப் பழகுவது எப்படி?

மதுரையில் ஹோட்டல், நகைக்கடை, ஜவுளிக்கடை, டிராவல்ஸ், கோயில் வழிகாட்டி என்று வெளிநாட்டுக்காரர்களோடும் வடநாட்டுக்காரர்களோடும் பேச வேண்டிய வேலைக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கல்லூரி முடித்து இன்டர்வியூவுக்குத் தயாராகிறவர்களுக்கும் உதவும்.

எந்த ஸ்போக்கன் இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்தாலும் முதல் சில பக்கங்களிலேயே 'ஹவ் ஆர் யூ? ஐ ஆம் ஃபைன்' வந்துவிடும். அதோடு அந்தச் சொல் தெரிந்துவிட்டது என்று பக்கத்தைத் திருப்பிவிடுவோம். அகராதியைத் திறந்தால் அதே 'ஃபைன்' என்ற சொல்லுக்கு நலம், சிறப்பு, மெல்லிசு, பொடி, மழையில்லாத வானம், அபராதம் என்று பொருள்கள் வரிசையாக நிற்கும். அந்த வரிசையை மனப்பாடம் செய்வது வீண் வேலை என்பது என் கட்சி. சொல் வாக்கியத்தில் எந்த இடத்தில் நிற்கிறது, அதற்கு எதிர்ச்சொல் எது என்ற இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் போதும், முக்கால்வாசிப் பொருள் பிடிபட்டுவிடும்.

அதற்கு முன் உச்சரிப்பு. மேல்பல் கீழுதட்டை லேசாகத் தொட, காற்று வெளியே வர வேண்டும். உதடு இரண்டும் ஒட்டினால் அது 'பைன்', மலையில் வளரும் மரம். கொடைக்கானல் டூர் பேசுகிற டிராவல்ஸ்காரர்களுக்கு இரண்டு சொல்லும் தேவைப்படும் என்பதால் கொஞ்சம் பழகிக்கொள்ளுங்கள்.

படி 1: சொல் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் ஒரு தூணைக் காட்டி 'திஸ் இஸ் எ ஃபைன் கார்விங்' என்று சொன்னால், அருமையான, நுணுக்கமான வேலைப்பாடு என்று பொருள். அதே தூணைக் காட்டி 'திஸ் கார்விங் இஸ் ஃபைன்' என்றால், கேட்பவர் காதில் பெரும்பாலும் 'இந்தச் சிற்பம் பரவாயில்லை, தேறும்' என்றுதான் விழும். சொற்கள் அதேதான். இடம் மாறியதும் பாராட்டு, வெறும் மார்க் போடுகிற பேச்சாகிவிட்டது.

தமிழில் 'நல்ல சிற்பம்' என்றாலும் 'சிற்பம் நன்றாக இருக்கிறது' என்றாலும் மதிப்பு குறைவதில்லை. அதனால்தான் இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் உயர்ந்த பாராட்டு. 'எ ஃபைன் சிங்கர்' என்றால் தேர்ந்த பாடகர், 'எ ஃபைன் ஓல்டு பில்டிங்' என்றால் அழகும் கம்பீரமும் உள்ள பழைய கட்டடம். 'இஸ்', 'வாஸ்' என்பவற்றுக்குப் பின்னால் நின்றால் குறை ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். 'த சிங்கர் இஸ் ஃபைன்' என்றால் பாடகருக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அர்த்தம். அவர் எப்படிப் பாடுவார் என்பதைப் பற்றி அதில் ஒரு தகவலும் கிடையாது.

ஹோட்டலில் வேலை பார்ப்பவர்கள் இதை ரொம்பக் கவனிக்க வேண்டும். விருந்தாளி ரூமைக் காலி செய்யும்போது 'ஹவ் வாஸ் யுவர் ஸ்டே?' என்று கேட்கிறீர்கள். 'இட் வாஸ் ஃபைன்' என்கிறார். சந்தோஷப்பட்டு வழியனுப்பி வைத்துவிடாதீர்கள். பிரிட்டிஷ்காரர் வாயிலிருந்து வந்தால் பல நேரம் அதற்கு 'ஏதோ இருந்தது, சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றுமில்லை' என்று பொருள். நெட்டில் ஐந்துக்கு மூன்று ஸ்டார்தான் விழும். உண்மையிலேயே பிடித்திருந்தால் 'லவ்லி', 'கிரேட்', 'வொண்டர்ஃபுல்' என்று ஏதாவது ஒன்று வந்திருக்கும். 'ஃபைன்' மட்டும் வந்தால், 'இஸ் தேர் எனிதிங் வி குட் டூ பெட்டர்?' என்று பணிவாக ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். சுடுதண்ணீர் வராத கதை அப்போது வெளியே வரும்.

'ஃபைனஸ்ட்' என்று வந்துவிட்டால் பாராட்டு உச்சத்துக்குப் போகும். திருமலை நாயக்கர் மகாலைக் காட்டும்போது 'ஒன் ஆஃப் த ஃபைனஸ்ட் பேலஸஸ் இன் சவுத் இண்டியா' என்று சொல்லலாம். 'ஒன் ஆஃப்' வந்தால் பின்னால் வருவது பன்மையாக இருக்க வேண்டும். 'பேலஸ்' என்று நிறுத்தினால் தவறு. நம் ஊரில் அதிகம் கேட்கிற பிழைகளில் இது ஒன்று.

படி 2: 'ஐ ஆம் ஃபைன்' என்றால் எப்போது 'நலம்', எப்போது 'போதும்'?

'ஹவ் ஆர் யூ?' என்ற கேள்விக்குப் பதிலாக வந்தால் 'நலம்'. அதில் சிக்கல் இல்லை. ஆனால் 'ஐ ஆம் வெரி ஃபைன்' என்று சேர்க்காதீர்கள். அழுத்திச் சொல்ல ஆசையாக இருந்தால் 'வெரி வெல்' என்று சொல்லுங்கள். 'ஹி இஸ் நாட் ஃபைன்' என்பதும் அவ்வளவாகப் புழக்கத்தில் இல்லை. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் 'ஹி இஸ் நாட் வெல்' அல்லது 'ஹி இஸ் நாட் ஃபீலிங் வெல்'.

சிக்கல் சாப்பாட்டு மேசையில் ஆரம்பிக்கிறது. வாளியும் கரண்டியுமாக நிற்கும் பரிமாறுபவர் கேட்கிறார்:

'சம் மோர் சாம்பார், சார்?'

'ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்.'

பரிமாறுபவர் காதில் 'நல்லா இருக்கு' என்று விழுகிறது. நல்லா இருக்கிறது என்றால் நம் ஊரில் இன்னும் ஒரு கரண்டி விழுவதுதானே மரியாதை. ஊற்றிவிடுகிறார். அந்த மனிதர் இலையின் ஓரத்தைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாம்பார் மடியில் இறங்காமல் பார்த்துக்கொண்டே, மறுபடியும் 'நோ, நோ, ஐ ஆம் ஃபைன்!' என்று சத்தமாகச் சொல்வார். சத்தமாகச் சொல்கிறாரே, ரொம்பப் பிடித்துவிட்டது போல என்று அடுத்த கரண்டி தயாராகும்.

எதையாவது கொடுக்கவோ செய்யவோ முன்வரும்போது 'ஐ ஆம் ஃபைன்' என்று பதில் வந்தால் அதற்கு 'வேண்டாம், போதும்' என்று மட்டும்தான் பொருள். பெட்டியைத் தூக்க வரும்போதும், ஆட்டோ பிடித்துத் தரவா என்று கேட்கும்போதும், இன்னொரு சேலை எடுத்துக் காட்டவா என்று கேட்கும்போதும் இதே கதைதான். பின்னால் 'தேங்க்ஸ்' ஒட்டிக்கொண்டு வந்தால் சந்தேகமே வேண்டாம், கரண்டியை இறக்கிவிடுங்கள்.

இதற்குப் பக்கத்திலேயே இருப்பது 'தட்ஸ் ஃபைன்'. அது நம் 'பரவாயில்லை'க்குச் சரியாகப் பொருந்தும். பில் கொண்டுவர நேரமாகிவிட்டது, 'சாரி ஃபார் த டிலே' என்கிறீர்கள், 'தட்ஸ் ஃபைன்' என்கிறார். விட்டுவிட்டார் என்று அர்த்தம். 'ஃபைன் வித் மீ', 'ஃபைன் பை மீ' இரண்டுக்கும் 'எனக்குச் சம்மதம்' என்று பொருள். இன்டர்வியூவில் நைட் ஷிஃப்ட் பற்றிக் கேட்டால் 'ஐ ஆம் ஃபைன் வித் நைட் ஷிஃப்ட்ஸ்' என்று சொல்லலாம். 'டென் ஓ கிளாக் இஸ் ஃபைன்' என்றால் பத்து மணி ஒத்துவரும்.

அப்புறம், வெறும் 'ஃபைன்' என்று ஒற்றைச் சொல்லாக, முற்றுப்புள்ளி வைத்து மெசேஜில் வந்தால் கொஞ்சம் ஜாக்கிரதை. சில நேரம் அது வெறும் 'சரி'தான். பல நேரம் 'சரி விடுங்க, என்னவோ பண்ணுங்க' என்ற கடுப்பு. மேனேஜரிடமிருந்து வந்தால் ஒரு போன் போட்டுப் பேசிவிடுவது நல்லது. நீங்கள் எழுதும்போது 'தட்ஸ் ஃபைன், தேங்க் யூ' என்று நீட்டியே எழுதுங்கள்.

படி 3: எதிர்ச்சொல்லைக் கேளுங்கள்

ஒத்த சொற்களைத் தேடுவதுதான் எல்லோரும் செய்வது. எதிர்ச்சொல்லைத் தேடினால் பொருள் இன்னும் சீக்கிரம் பிரிகிறது. 'ஃபைன்' என்பதற்கு எதிராக 'கோர்ஸ்', அதாவது கரடுமுரடு, பெருவெட்டு என்ற சொல்லைப் போட முடிந்தால், அங்கே பேச்சு மெல்லிசான, பொடியான தன்மையைப் பற்றியது. 'அன்வெல்' போட முடிந்தால் உடம்பைப் பற்றியது. 'புவர்' போட முடிந்தால் தரத்தைப் பற்றியது.

முதல் படியில் சொன்ன இடக் கணக்கு ஒத்துவராத இடங்களிலும் இந்தக் கேள்வி காப்பாற்றும். 'திஸ் சாண்ட் இஸ் ஃபைன்' என்று சைட் என்ஜினீயர் சொல்கிறார். 'மணல் பரவாயில்லை' என்கிறாரா, 'மணல் நைசாக இருக்கிறது' என்கிறாரா? மணலுக்கு எதிரில் 'கோர்ஸ்' நிற்க முடியும் என்பதால் இரண்டாவதாகவும் இருக்கலாம். கட்டுமான வேலையில் 'ஃபைன் அக்ரிகேட்' என்றால் மணல், எம் சாண்ட் வகை. 'கோர்ஸ் அக்ரிகேட்' என்றால் ஜல்லி. 4.75 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவது முதல் வகை, மேலே தங்குவது இரண்டாவது. என்ஜினீயர் எதைச் சொல்கிறார் என்று தெரியாவிட்டால் 'ஃபைன் ஆர் டூ ஃபைன்?' (சரியா, இல்லை ரொம்ப நைசா?) என்று கேட்டுவிடுங்கள், அவரே விளக்குவார்.

ஜவுளிக்கடைக்கு வாருங்கள். சுங்குடிச் சேலை கேட்டு வருபவரிடம் 'ஃபைன் காட்டன்' என்று சொன்னால் மெல்லிய நூலில் நெய்தது என்று பொருள். 'குட் காட்டன்' என்பது வேறு, அது தரத்தைப் பற்றியது. நூலின் மென்மையைக் கவுண்ட் கணக்கில் சொல்வார்கள். 840 கஜம் கொண்ட சிட்டங்கள், அதாவது நூல் கட்டுகள், எத்தனை சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை வருகிறதோ அதுதான் கவுண்ட். எண் ஏற ஏற நூல் மெல்லிசாகும். 100 கவுண்ட் நூல் 40 கவுண்ட் நூலைவிட 'ஃபைனர்'. இங்கே 'ஃபைனர்' என்று ஒப்பிட்டுப் பேசலாம். உடம்பு நலத்தைப் பேசும்போது மட்டும் ஒப்பீடு வராது; 'ஐ ஆம் ஃபைனர் டுடே' என்று யாரும் சொல்வதில்லை, 'பெட்டர்' என்றுதான் சொல்வார்கள்.

தெற்கு ஆவணி மூல வீதி நகைக்கடைகளில் இதே சொல்லுக்கு இன்னொரு முகம். 'ஃபைன் கோல்டு' என்றால் கலப்பில்லாத தங்கம், 999. 'ஃபைன்னெஸ்' என்றால் ஆயிரம் பங்கில் எத்தனை பங்கு சுத்தத் தங்கம் என்ற கணக்கு. 22 கேரட் நகையில் ஹால்மார்க் முத்திரையோடு 916 என்று இருப்பது இதனால்தான்: 24இல் 22 பங்கு என்பதை ஆயிரத்துக்கு மாற்றினால் 916 சொச்சம் வரும். 18 கேரட்டுக்கு 750. வெளிநாட்டு வாடிக்கையாளர் 'வாட் இஸ் த ஃபைன்னெஸ்?' என்று கேட்டால், நகாசு வேலையைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்து டிசைனைப் புகழ ஆரம்பிக்காமல் அந்த எண்ணைக் காட்டுங்கள். வேலைப்பாட்டைச் சொல்ல 'ஃபைன் வொர்க்மன்ஷிப்' என்ற தனித் தொடர் இருக்கிறது.

சமையலறையில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். மாவை 'நைசா அரை' என்கிறோம், 'நைஸ் ரவை' என்கிறோம். அப்படியே இங்கிலீஷுக்குக் கொண்டுபோய் 'கிரைண்ட் இட் நைஸ்' என்றால் வெளிநாட்டுக்காரருக்குப் புரியாது. அவர்கள் ஊரில் இன்றைக்கு 'நைஸ்' என்றால் இனிமை, அருமை மட்டும்தான். 'கிரைண்ட் இட் ஃபைன்' அல்லது 'கிரைண்ட் இட் ஃபைன்லி' என்று சொல்லுங்கள். பொடிசாக நறுக்கிய வெங்காயம் 'ஃபைன்லி சாப்டு ஆனியன்ஸ்'. இந்த 'ஃபைன்லி' பெரும்பாலும் மெல்லிசான, நுணுக்கமான தன்மையைத்தான் குறிக்கும். 'ஏசி நன்றாக ஓடுகிறது' என்பதற்கு 'வொர்க்கிங் ஃபைன்' என்றே விடுங்கள், 'ஃபைன்லி' சேர்க்காதீர்கள்.

வானிலையில் மட்டும் அகராதியும் மதுரையும் ஒத்துப்போவதில்லை. பிரிட்டனில் 'எ ஃபைன் டே' என்றால் மழை இல்லாமல் வெயில் அடிக்கும் நாள். சித்திரைத் திருவிழா வெயிலில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க நிற்கிற ஒருவரிடம் போய் 'ஃபைன் வெதர்' என்று சொன்னால் அவர் என்ன சொல்வாரோ தெரியாது. நமக்கு லேசாக மேகம் மூடினால்தான் நல்ல நாள். இருந்தாலும் விருந்தாளி சொன்னால் அவர் வழக்கப்படியே எடுத்துக்கொண்டு, குடையை உள்ளே வைத்துவிடுங்கள்.

படி 4: அபராதத்தைத் தனியாக எடுத்து வையுங்கள்

அபராதம் என்ற பொருளில் 'ஃபைன்' தமிழாகவே ஆகிவிட்டது. 'போலீஸ் ஃபைன் போட்டுட்டாங்க' என்பது எல்லோரும் பேசுவது. அதை அப்படியே மாற்றி 'போலீஸ் புட் ஃபைன்' என்பதுதான் தவறு. இங்கிலீஷில் 'ஃபைன்' என்பதே வினையாகவும் இருக்கிறது: 'ஐ வாஸ் ஃபைன்டு எ தௌசண்ட் ருபீஸ் ஃபார் நாட் வேரிங் எ ஹெல்மெட்'. ஹெல்மெட் போடாததற்கு எனக்கு 1000 ரூபாய் அபராதம் விதித்தார்கள். பெயர்ச்சொல்லாக வேண்டும் என்றால் கட்டுபவர் 'பே எ ஃபைன்', விதிப்பவர் 'இம்போஸ் எ ஃபைன்'. எண்ணிச் சொல்லக்கூடிய பொருள் என்பதால் முன்னால் 'எ' வர வேண்டும், பன்மை 'ஃபைன்ஸ்'. 'ஃபைன்டு' என்பதும், கண்டுபிடி என்ற 'ஃபைண்ட்' என்பதும் வெள்ளைக்காரர் வாயில் ஒரே ஒலிதான். முன்னும் பின்னும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.

நலத்துக்கும் அபராதத்துக்கும் ஒரே சொல் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இரண்டும் 'ஃபீனிஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தவை. அதற்கு 'முடிவு' என்று பொருள். ஒரு வழக்கை முடித்துக்கொள்ளக் கட்டிய பணம் அபராதம் ஆனது. குறையில்லாமல் முடித்த பொருள் சிறந்தது ஆனது. 'ஃபினிஷ்', 'ஃபைனல்', 'ஃபைனான்ஸ்' எல்லாம் அதே குடும்பம்தான். இது தெரியாவிட்டாலும் பேச்சுக்குக் குறைவில்லை, ஆனால் தெரிந்தால் மறக்காது.

அபராதம் என்று நாம் பொதுவாகச் சொல்லும் எல்லாமே அங்கே 'ஃபைன்' ஆகாது. சட்டத்தை மீறியதற்கு அதிகாரம் உள்ளவர் விதிப்பது 'ஃபைன்'. ஒப்பந்தத்தை மீறினாலோ வரி தாமதமானாலோ 'பெனால்டி'. பள்ளிக் கட்டணம் தள்ளிப்போனால் 'லேட் ஃபீ'. உயர் நீதிமன்ற மதுரைக் கிளைச் செய்திகளில் மனுதாரருக்கு அபராதம் என்று தமிழில் படிப்போம். அதே செய்தி இங்கிலீஷ் பேப்பரில் பல நேரம் 'காஸ்ட்ஸ்' என்று இருக்கும். தேவையில்லாத வழக்குப் போட்டு நேரத்தை வீணடித்ததற்கான செலவுத் தொகை அது, குற்றத்துக்கான தண்டனை கிடையாது. போட்டித் தேர்வுக்கு மொழிபெயர்ப்பு பழகுகிறவர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 5: ஒத்த சொல்லை மாற்றிப் போட்டுப் பாருங்கள்

இதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது. 'சரி, பரவாயில்லை' என்ற பொருளுக்கு 'ஓகே', 'ஆல்ரைட்'. கடிதத்தில் எழுதுவது என்றால் 'அக்செப்டபிள்', 'சாட்டிஸ்ஃபேக்டரி'. உயர்ந்த பாராட்டுக்கு 'எக்ஸலண்ட்', 'சூப்பர்ப்', 'அவுட்ஸ்டாண்டிங்'. மெல்லிசுக்கு 'தின்', 'டெலிகேட்', பொடிக்கு 'பவுடரி'. வானிலைக்கு 'கிளியர்', 'சன்னி'.

மாற்றிப் போட்ட பிறகு வாக்கியம் உடைகிறதா என்று பாருங்கள். 'ஐ ஆம் ஃபைன், தேங்க்ஸ்' என்பதில் 'எக்ஸலண்ட்' போட்டால், சாம்பார் வேண்டாம் என்ற பொருளே போய்விடும். 'ஃபைன் பிரிண்ட்' என்பதில் எதையும் சுலபமாக மாற்ற முடியாது, 'ஸ்மால் பிரிண்ட்' மட்டும் ஒத்துவரும். கடன் பத்திரத்திலும் இன்சூரன்ஸ் தாளிலும் அடியில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் நிபந்தனைகள்தான் அது. 'ஃபைன் ஆர்ட்ஸ்' என்றால் நுண்கலை. நம் 'நுண்' என்ற அடைமொழியும் மெல்லிசு, திறமை இரண்டையும் சேர்த்தே சுமப்பதால் இந்த மொழிபெயர்ப்பு அப்படியே பொருந்திப் போயிருக்கிறது. 'வித் எ ஃபைன் டூத் கோம்' என்றால் நேர்ப்பொருள் பேன்சீப்பால் வாருவது. நாம் சல்லடை போட்டுத் தேடுவது என்கிறோமே, அதுதான்.

படி 6: நோட்டில் எழுதுங்கள்

போனில் கிடைக்கும் இங்கிலீஷ்-தமிழ் ஆப் அவசரத்துக்கு உதவும், பழக உதவாது. கற்பவர்களுக்கென்றே எழுதிய லேர்னர்ஸ் டிக்‌ஷனரி ஒன்றைப் பாருங்கள். பெரிய பதிப்பகங்களின் அகராதிகள் நெட்டில் இலவசமாகவே கிடைக்கின்றன. புத்தகமாகப் புரட்ட வேண்டும் என்றால் நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போகலாம். அகராதியில் பொருளைவிட எடுத்துக்காட்டு வாக்கியங்களை முதலில் படியுங்கள். ஆட்ஜெக்டிவ், ஆட்வெர்ப், நௌன், வெர்ப் என்று 'ஃபைன்' நான்கு தலைப்பில் வரும். நான்கிலும் ஒரு வாக்கியம் எடுத்து, உங்கள் வேலைக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதுங்கள். நகைக்கடை என்றால் நகையை வைத்து, ஹோட்டல் என்றால் ரூமை வைத்து.

பொருளைத் தமிழில் ஒற்றைச் சொல்லாக எழுதாமல், யார் யாரிடம் எப்போது சொன்னது என்று எழுதுங்கள். 'ஐ ஆம் ஃபைன்: விருந்தாளி, காபி நீட்டும்போது, வேண்டாம்' என்று இருந்தால் அடுத்த முறை காதில் விழுந்ததும் கை தானாக நிற்கும். ஒரு வாரம் இந்த ஒரே சொல்லோடு இருந்துவிட்டு, அடுத்து 'கிளியர்' என்ற சொல்லுக்குப் போகலாம். பில் கிளியர், ரூட் கிளியர், மேசையைக் கிளியர் பண்ணு, எக்ஸாம் கிளியர் என்று அதை ஏற்கெனவே நாள் முழுக்கப் பேசிக்கொண்டுதான் இருக்கிறீர்கள். அதில் எது இங்கிலீஷ்காரருக்கும் புரியும், எது நமக்குள் மட்டும் என்று மேலே சொன்ன அதே படிகளை வைத்துப் பிரித்துப் பாருங்கள்.